குளிர்காலம் என்று எழுதிய பக்கம்

குழாயைத் திறந்தால் சூடு குறையும்.
மூடினால் நீர் குறையும்.
பதினொரு ஆண்டுகளாக
இரண்டுக்கும் நடுவே நூலிழை அகலத்தில்
குளித்துக்கொண்டிருந்தோம்.

சாவோ ஜோவாக்கிமில் ஜூலை என்றால்
கூரைத் தொட்டி நீரில்
பாலாடைபோல் படியும் பனி.
ஆப்பிள் கிடங்கில் பத்து மணி நேரம் நின்று
மெழுகு வாசத்தோடு திரும்புவேன்.
ஷவரின் நெற்றியில் ஒரு சிறு நெம்புகோல்:
இந்தப் பக்கம் கோடை,
அந்தப் பக்கம் குளிர்காலம்.
பருவத்தை விரலால் மாற்றும் அதிகாரம்
வீட்டில் எனக்கு அது ஒன்றுதான்.
மாற்றுவேன்.
மாறியதாகத் தெரியாது.

வலது தோள் சுட்டால் இடது தோள் விறைக்கும்.
முதுகைக் காட்டினால் மார்பு கோபிக்கும்.
கம்பியில் குத்திக் கனலில் வாட்டும்
ஞாயிற்றுக்கிழமை இறைச்சிபோல
சுற்றிச் சுற்றி நிற்பேன்.
திருகில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருந்தோம்,
வெறும் கையால் தொட்டால்
விரலில் எறும்பு ஊரும் என்பதால்.

சம்பளம் வந்த வெள்ளியன்று
ஆறு தவணையில்
ஏழாயிரத்து ஐந்நூறு வாட் வாங்கிவந்தான் டிர்சேவு.
பழைய கம்பியிலேயே
புதியதை முறுக்கினான்.
"இனி நீ வெந்துபோவாய்" என்றான்.

சோப்புப் போட்டு முடிப்பதற்குள்
பிரேக்கர் விழுந்தது.
தூக்கிவிட்டான். விழுந்தது.
மூன்றாம் முறை அது விழவில்லை;
சுவருக்குள்ளிருந்து
மீன் செதில் கருகும் வாடை வந்தது.

இருட்டில், துண்டோடும் நுரையோடும் நின்றபடி
இருபது வருடக் கணக்கைப் பிரித்தோம்,
ஷவரில் தொடங்கி
அவன் தம்பிக்குக் கொடுத்த மோட்டார் சைக்கிள் வரை.

மறுநாள் வந்தாள் எலெக்ட்ரீஷியன் நெல்சி,
ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு.
சுவரிலிருந்து உருவியதைக் காட்டினாள்:
சேமியா போல் மெலிந்த கம்பி,
உறை உருகிக் கறுத்து.
"இந்தக் கழுத்தில் இவ்வளவு சுமையா?"
ஆறு சதுர மில்லிமீட்டர் கம்பி,
நாற்பது ஆம்பியர் பிரேக்கர்,
மண்ணுக்குள் இறங்கும் பச்சைக் கம்பி ஒன்று.
அந்தப் பச்சை எங்களிடம் இருந்ததே இல்லை.
விலை சொன்னாள்.
டிர்சேவு கூரையைப் பார்த்தான்.
நான் அவனைப் பார்த்தேன்.

பிறகுதான்
குப்பைக்குப் போகவிருந்த பழைய ஷவரைக் கையிலெடுத்தாள்.
நீர் நுழையும் வாய்க்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு
எதையோ நெம்பினாள்.
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பிளாஸ்டிக் வட்டம்,
நடுவில் ஊசித் துளை.
"உயரக் கட்டிடங்களில், நீர் பாய்ந்து வரும் இடத்துக்கானது இது.
உங்கள் தொட்டியோ தலைக்கு மேல் ஒரு கை உயரம்.
பொருத்துமுன் எடுத்துவிடச் சொல்லித்
தாளில் எழுதியிருக்குமே?"

தாளை எறிந்தது யார் என்று
நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

புதியதிலும் ஒன்று இருந்தது. எடுத்தாள்.
"அன்றே இதை எடுத்திருந்தால் போதுமா?" என்றேன்.
"நீர் கொட்டியிருக்கும், ஜில்லென்று.
அதிக நீருக்கு அதிக நெருப்பு வேண்டும்"
என்றவள் பணத்தை
இரண்டு முறை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

அன்றிரவு
முதுகும் மார்பும் ஒரே நேரத்தில் நனைந்தன.
திரும்பத் தேவையே இருக்கவில்லை.
பழகிய உடம்பு மட்டும்
தானாக ஒரு சுற்றுச் சுற்றி
வெட்கத்தோடு நின்றது.
திருகின் ரப்பரை அவிழ்த்தேன்.
வெறும் உலோகம். எறும்பில்லை.

கதவுக்கு வெளியே டிர்சேவு:
"போதும், எனக்கும் கொஞ்சம் வை."
வைக்கிறேன் என்றேன்.
நகரவில்லை.